தட்டு நிழல் இரண்டடி

நான் தொடும் வரை நன்றாகத்தான் இருந்ததாம்.
அப்படித்தான் சொல்கிறார் குணவதி அக்கா,
ஏணியடியில், இடுப்பில் கைவைத்து:
"இருபத்திரண்டு வருஷமா ஒரு சொட்டு ஒழுகல.
நீ கைய வச்ச, முறுக்காட்டம் நொறுங்கிருச்சு."

உண்மைதான்.
ஸ்பேனர்கூடப் படவில்லை, முழங்கைதான் இடித்தது.
பகாவில் மழை பார்த்து நாற்பது நாள்.
ஸிங்க் கூரைமேல் உள்ளங்கை ஊன்ற முடியாத பதினொரு மணி.
தாமான் முழுக்க ஒரே கூரை,
அதற்கு அப்பால் செம்பனை,
அதற்கு அப்பாலும் செம்பனைதான்.

உடைந்த துண்டை இறக்கிக் கொடுத்தேன்.
பாருங்கள் அக்கா, மேல்பக்கம் வெற்றிலைக்காரர் பல் நிறம்.
தேய்த்தால் திருநீறாட்டம் மாவு ஒட்டும்.
கீழ்ப்பக்கம், வெயில் எட்டாத வயிறு,
இன்னும் கடையில் வாங்கிய வெள்ளை.
ஒரே குழாய்க்கு இரண்டு வயது.

"மத்தியானம் திறந்தா மைலோ கலக்கலாம், அவ்ளோ சூடு"
என்கிறார், பெருமையா புகாரா தெரியவில்லை.
அந்தச் சூட்டில்தான் இளகியிருக்கிறது.
எட்டடிக்கு ஒரு கிளிப் அடித்திருக்கிறான் எவனோ.
நடுவில் தொங்கி, ராத்திரி இறுகி,
மறுநாள் இன்னும் ஒரு நூல் தொங்கி.
யார் போட்டது என்று கேட்டேன்.
"தோட்டத்து ஆபீஸ் அனுப்பின ஆளு.
லயத்த ஒடச்சு வீடு குடுத்தப்ப
தொண்ணூறு வீட்டுக்கும் அவன்தான்."
தொண்ணூறு.
மனதுக்குள் கூரைகளை எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டேதான் இருந்தது அது.
தாங்குவது வேறு, அடி வாங்குவது வேறு.
வெயில் முதலில் எடுத்துக்கொள்வது
வளைந்து கொடுக்கிற குணத்தை.
மிச்சத்துக்கு அதற்கு அவசரமில்லை.
ஒரு காக்கா கொஞ்சம் வேகமாக உட்கார்ந்திருந்தாலும் போதும்.
என் முழங்கை முந்திக்கொண்டது, அவ்வளவே.

ஆனால் இரண்டடி மட்டும்
தட்டினால் டப் என்று கெட்டியாகச் சத்தம் கொடுத்தது.
மஞ்சள் இல்லை, மாவு இல்லை.
நிமிர்ந்து பார்த்தேன்:
துரு ஏறிய அஸ்ட்ரோ தட்டு,
தன் நிழலை அந்த இரண்டடிமேல் போட்டுக்கொண்டு.

"அத வெட்டாத. நல்லாத்தான இருக்கு.
எங்கிட்ட எம்பது வெள்ளிதான் இருக்கு."
முழுசாக மாற்றுவதுதான் முறை.
பழசையும் புதுசையும் பசை போட்டுச் சேர்த்தால்
அடுத்த உடைப்பு எந்த மூட்டில் என்று எனக்குத் தெரியும்.
சொன்னேன். அவரும் கேட்டார்.
பிறகு இருவரும் அந்த இரண்டடியை விட்டுவிட்டோம்.

இந்த முறை நாலடிக்கு ஒரு கிளிப்.
மார்க்கரில் தேதி எழுதினேன்.
சுவருக்கு அடித்த மிச்சம் பெயிண்ட் இருக்கிறதா என்றேன்,
வெயிலுக்கு ஒரு சட்டை மாதிரி.
தேடி எடுத்து வந்தார்:
மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ரோஸ்.
கூரை நெடுக ரோஸ் குழாய்.
பக்கத்து வீட்டு ஜெகதீசன் மோட்டாரை நிறுத்தி
அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான்.

தட்டின் கீழே வந்ததும் பிரஷைத் தூக்கினேன்.

"அப்படியே அந்தத் தட்டையும் கழட்டிப் போட்டுரு.
பில்லு கட்டாம வெட்டி மூணு வருஷமாச்சு,
ஒண்ணும் பிடிக்கிறதில்ல."

இருக்கட்டும் அக்கா, அது வேலையில்தான் இருக்கிறது.

குழாயைத் திறந்தோம். இருமிற்று,
பால் நிறத்தில் காற்றைத் துப்பிற்று,
பிறகு தண்ணீர், சுடச்சுட.
எழுபத்தைந்து வெள்ளி கைக்கு வந்தது.
மிச்ச ஐந்துக்கு
ஒரு பை கொய்யாக்காய்.